பவர் மாறவில்லை, சீட்டுதான் செல்லாது

“பவர் அப்படியேதானே இருக்கு, அப்புறம் எதுக்கு மறுபடியும் டெஸ்ட்?” அமெரிக்காவில் காண்டாக்ட் லென்ஸ் போடுகிற ஆள் ஒருவராவது இருக்கும் தமிழ் வீட்டில் இந்தக் கேள்வி வருடம் தவறாமல் எழும். எங்கள் வீட்டில் இந்த ஜூன் மாதம் எழுந்தது. பெண்ணுக்கு லென்ஸ் தீரப்போகிறது என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டிருந்தோம். மறுநாள் சாயங்காலம் மெயில் வந்தது: உங்கள் டாக்டரைக் கேட்டோம், ப்ரிஸ்கிரிப்ஷன் காலாவதியாகிவிட்டது என்கிறார், ஆர்டரை ரத்து செய்துவிட்டோம். ஆகஸ்டில் அரங்கேற்றம். கண்ணாடியில் மைனஸ் ஆறு இருக்கிற பெண், மேடையில் அதைப் போட்டுக்கொண்டும் ஆட முடியாது, கழற்றி வைத்துவிட்டும் ஆட முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து நட்டுவாங்கம் செய்கிற டீச்சர் முகமே கலங்கலாகத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார்: “இது பணம் பிடுங்குற வேலை.” சென்னையிலிருந்து நாத்தனார், “அண்ணி, பவரை மட்டும் வாட்ஸப்ல அனுப்புங்க, நான் இங்க வாங்கி குரியர்ல போட்டுடறேன்” என்றாள். எங்கள் டாலஸ் பக்கத்து வாட்ஸப் குழுவில் கேட்டால், பழைய சீட்டை ஸ்கேன் செய்து தேதியை மட்டும் மாற்றி அனுப்பிவிடுங்கள் என்று யோசனை சொல்லவும் ஆள் இருந்தது. (போர்ஜரிக்கு இவ்வளவு சகஜமாக யோசனை சொல்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்பது தனிக் கட்டுரை.)

வீட்டுக்காரர் எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை, அதற்குப் பின்னால் வருகிறேன். நாத்தனார் சொன்னது அன்பினால் சொன்னது. ஆனால் எல்லோருமே பவர் என்கிற ஒரு எண்ணைத்தான் ப்ரிஸ்கிரிப்ஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணாடிச் சீட்டையும் லென்ஸ் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். கண்ணாடிச் சீட்டில் ஸ்பியர், சிலிண்டர், ஆக்ஸிஸ் என்று பவர் விவரங்கள் இருக்கும். லென்ஸ் சீட்டில் இவற்றோடு பேஸ் கர்வ், அதாவது லென்ஸின் உட்பக்க வளைவு, என்று 8.4, 8.6 மாதிரி ஒரு எண், விட்டம் என்று 14.0, 14.2 மாதிரி ஒரு எண், இரண்டுமே மில்லிமீட்டரில், அப்புறம் இன்ன கம்பெனி, இன்ன பிராண்ட். பவரே கூட ஒன்றாக இருக்காது. கண்ணாடி கண்ணிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்கிறது, லென்ஸ் கண்ணின் மேலேயே மிதக்கிறது. பவர் நாலைத் தாண்டினால் இந்த இடைவெளி கணக்கில் வந்துவிடும். கண்ணாடியில் மைனஸ் 6 என்றால் லென்ஸில் 5.50 வரும், கண்ணாடியில் 8 என்றால் லென்ஸில் 7.25 பக்கம். நாத்தனாருக்கு நான் கண்ணாடிப் பவரை அனுப்பியிருந்தால் அவள் நல்ல மனசோடு தப்பான லென்ஸை வாங்கி, குரியருக்கும் காசு கொடுத்து அனுப்பியிருப்பாள்.

அப்புறம் அந்தப் பேஸ் கர்வ். தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுக்கிற மாதிரிதான் இதுவும். நாலு வருடம் முந்தின ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுத்தால் அவர் அதே அளவில் அழகாகத் தைத்துத் தருவார், போட்டுப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும். லென்ஸ் இறுக்கமாக உட்கார்ந்தால் கண் சிமிட்டும்போது அசையாது. அசையாவிட்டால் அடியில் கண்ணீர் மாறாது. தளர்வாக இருந்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும். போட்டிருக்கிறவருக்கு இறுக்கமான லென்ஸ் பல சமயம் ரொம்பச் சௌகரியமாகவே இருக்கும் என்பதுதான் இதில் தொல்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். லென்ஸ் பெட்டியில் ஒரு காலாவதித் தேதி இருக்கும், அது பல வருடம் தள்ளி இருக்கும். “பெட்டியிலேயே இன்னும் நாலு வருஷம் போட்டிருக்கே” என்று காட்டுவார்கள். அது பிரிக்காத பொட்டலத்துக்குள் லென்ஸ் கெடாமல் கிருமி படாமல் இருக்கும் காலம். சீட்டில் இருக்கிற தேதி கண்ணுக்கானது.

சரி, இந்த ஒரு வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது?

எனக்கும் டாக்டர்கள் சேர்ந்து போட்டுக்கொண்ட விதி என்றுதான் தோன்றியிருந்தது. உண்மையில் இது பெரும்பாலும் வாங்குகிறவர்களுக்காக வந்த சட்டம். அமெரிக்காவில் 2003 கடைசியில் காண்டாக்ட் லென்ஸ் வாங்குவோருக்கான நியாயச் சட்டம் என்று ஒன்று நிறைவேறி, 2004 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு டாக்டர் லென்ஸ் சீட்டைக் கையில் கொடுத்தே ஆகவேண்டும் என்று நாடு முழுவதற்கும் பொருந்துகிற விதி இல்லை. கண்ணாடிச் சீட்டுக்கு மட்டும் 1978 முதலே அப்படி ஒரு விதி இருந்தது. லென்ஸுக்கு இல்லாததால் டெஸ்ட் செய்கிற இடத்திலேயே அவர்கள் சொல்கிற விலைக்கு வாங்கவேண்டிய நிலைமை. பரிசோதிக்கிறவரே விற்கவும் செய்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

சட்டம் என்ன செய்தது என்றால், லென்ஸ் பொருத்திப் பார்த்து முடிந்ததும் நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சீட்டைக் கையில் கொடுக்கவேண்டும் என்றது. அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக்கூடாது, எங்களிடம்தான் வாங்கவேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது. சீட்டு குறைந்தது ஒரு வருடம் செல்லும்படி இருக்கவேண்டும், அதற்கும் குறைவாகப் போட்டால் மருத்துவக் காரணத்தை டாக்டர் எழுதி வைக்கவேண்டும். ஆக, ஒரு வருடம் என்பது மத்தியச் சட்டத்தில் குறைந்தபட்சம். சில மாநிலங்களில் இரண்டு வருடம். டெக்சாஸில் எங்கள் சீட்டில் ஒரு வருடம்.

ஆன்லைன் கடைக்காரரும் தன் பங்குக்கு டாக்டரிடம் சரிபார்க்கவேண்டும். டாக்டர் எட்டு அலுவல் மணி நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் சரி என்று சொன்னதாகவே எடுத்துக்கொண்டு விற்றுவிடலாம். பெரிய ஓட்டை இது. சில கடைகள் இயந்திரக் குரலில் டாக்டர் ஆபீசுக்கு போன் போட்டு, யாருக்கும் புரியாத வேகத்தில் பேர், பவர் எல்லாம் ஒப்பித்துவிட்டு வைத்துவிடும். எட்டு மணி நேரம் ஓடிவிட்டால் லென்ஸ் கிளம்பிவிடும். 2020-இல் விதிகளைத் திருத்தியபோது இந்த இயந்திர அழைப்புகள் நிதானமாக, புரியும்படி பேசவேண்டும், முழு அழைப்பையும் பதிவு செய்யவேண்டும் என்று எழுதவேண்டியிருந்தது என்றால் நிலவரம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவர், “நாங்க காலாவதியான சீட்டுலதான் ரெண்டு வருஷமா வாங்குறோம், ஒண்ணும் கேக்கல” என்று பெருமையாகச் சொன்னார். கேட்டிருப்பார்கள், அந்த டாக்டர் ஆபீசில் பதில் சொல்ல ஆள் இருந்திருக்காது. எங்கள் டாக்டர் ஆபீசில் இருந்தது.

அதனால் போனோம்.

டெக்சாஸில் பல கண்ணாடிக் கடைகளில் டாக்டருக்குத் தனி வாசல், தனி பில். கடைக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று. அதிலும் கண் பரிசோதனைக்கு ஒரு கட்டணம், லென்ஸ் மதிப்பீட்டுக்குத் தனியாக இன்னொன்று. விஷன் இன்ஷூரன்ஸ் முதலாவதை ஏற்றுக்கொள்ளும், இரண்டாவதில் கொஞ்சம் தள்ளுபடி தரும், மீதி நம் தலையில். பணம் பிடுங்குகிறார்கள் என்கிற பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டாவது வரியிலிருந்துதான் கிளம்புகிறது. இரண்டாவது வரிக்கு என்ன செய்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை என்பதும் ஒரு காரணம். நான் உள்ளேயே உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் இயந்திரங்கள். பலூன் படத்தைப் பார், காற்று ஒன்று புஸ்ஸென்று வரும், பயப்படாதே. அப்புறம் அந்தப் பெரிய முகமூடி மாதிரியான கருவிக்குப் பின்னால் உட்காரவைத்து ஒன்றா இரண்டா, இரண்டா மூன்றா என்று கேட்டுக்கொண்டே போனார்கள். பெண் பரீட்சைக்குப் பதில் சொல்கிற மாதிரி பயந்து பயந்து சொன்னாள், தப்பாகச் சொல்லிவிட்டால் ஃபெயில் ஆகிவிடுவோம் என்று. இது முடிந்தபோது பவர் மாறவே இல்லை என்று தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அங்கே இருந்திருந்தால் எழுந்தே வந்திருப்பார்.

டாக்டர் வந்தார். பெரிய பேச்சுக்காரர் இல்லை. விளக்கை அணைத்தார், ஸ்லிட் லேம்ப் என்கிற அந்த மைக்ராஸ்கோப்பில் பெண்ணின் தாடையை வைக்கச் சொன்னார். லென்ஸ் போட்டபடியே முதலில். சிமிட்டு என்றார், மேலே பார், சிமிட்டு. கீழ் இமையை விரலால் தள்ளி லென்ஸை லேசாக மேலே நகர்த்தி, அது எவ்வளவு சீக்கிரம் பழைய இடத்துக்கு வருகிறது என்று பார்த்தார். அப்புறம் லென்ஸைக் கழற்றச் சொல்லிவிட்டு ஒரு சின்னக் காகிதப் பட்டையை நனைத்து இமைக்குள் தொட்டார். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் அந்தச் சாயம் நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிர்கிறது. லென்ஸோடு போட்டால் லென்ஸில் ஏறிவிடும் என்பதால்தான் கழற்றச் சொல்கிறார்கள். கருவிழிக்கு மேல் இருக்கிற அந்தத் தெளிவான படலம், கார்னியா, அதில் எங்கேயாவது கீறலோ உதிர்வோ இருந்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். அப்புறம் ஒரு பஞ்சுக்குச்சியை வைத்து மேல் இமையை அப்படியே மடித்துத் திருப்பினார். பெண் “அம்மா” என்று என் கையைத் தேடினாள், வலிக்கவில்லை என்று அப்புறம் சொன்னாள். மேல் இமையின் உட்புறத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் மாதிரி தடித்திருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். லென்ஸில் படிகிற அழுக்குக்கு இமை காட்டுகிற ஒவ்வாமை அது.

என்னை அழைத்து இன்னொரு குழல் வழியாகப் பார்க்கச் சொன்னார். கருவிழியும் வெள்ளையும் சேருகிற விளிம்பு. வெள்ளைப் பக்கத்திலிருந்து மயிரிழை போன்ற சிவப்புக் கோடுகள் கருவிழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. கொஞ்சம்தான், விளிம்பைத் தாண்டி ஒரு தம்பிடி. “இவை இங்கே இருக்கக்கூடாது” என்றார்.

கார்னியாவுக்குள் இரத்தக்குழாய் கிடையாது. இருந்தால் வெளிச்சம் போகுமா? அதனால் அது தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனில் பெரும்பங்கை நேராகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, கண்ணீர் வழியாக. அதன் மேல் லென்ஸ் ஒன்றைப் போட்டு மூடினால் காற்று குறைகிறது. நெடுநாள் குறைந்தால் உடம்பு தனக்குத் தெரிந்த வழியைச் செய்கிறது, பக்கத்திலிருந்து குழாய் போட ஆரம்பிக்கிறது. வலிக்காது. பார்வை குறையாது. பவர் மாறாது. கண்ணாடி முன் நின்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் நமக்குத் தெரியாது.

எத்தனை மணி நேரம் போடுவாய் என்று கேட்டார். காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது போடுவாள், ஸ்கூல் முடிந்து டான்ஸ் கிளாஸ், அப்புறம் ஒத்திகை, இரவு படுக்கப் போகும்போதுதான் எடுப்பாள். சில நாள் எடுக்காமலே தூங்கிவிடுவாளாம், இது எனக்கு அங்கேதான் தெரியும், டாக்டர் கேட்டால்தான் பிள்ளைகள் உண்மை சொல்கின்றன. இரண்டு வாரத்தில் மாற்றவேண்டிய லென்ஸை நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு மாதம் ஓட்டுவாளாம். டாக்டர் திட்டவில்லை. லென்ஸோடு தூங்கினால் கண்ணில் தொற்று வருகிற ஆபத்து ஆறிலிருந்து எட்டு மடங்கு கூடுகிறது என்று மட்டும் சொன்னார். பின்னால் தேடிப் பார்த்தேன், அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசியும் அதே எண்ணைத்தான் சொல்கிறது.

அப்புறம் லென்ஸையே மாற்றினார். தினமும் புதிதாகப் போட்டுத் தூக்கி எறிகிற வகை, சிலிக்கோன் ஹைட்ரோஜெல். மென்மையான லென்ஸ் என்கிற சமாசாரமே செக்கோஸ்லோவாக்கியாவில் ஓட்டோ விக்டர்லே என்கிற வேதியியலாளர் 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் தன் வீட்டில், பிள்ளைகளின் மெர்க்கூர் விளையாட்டுச் செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு இயந்திரம் கட்டிச் செய்து பார்த்தது. அமெரிக்காவில் அது 1971-இல் அனுமதி வாங்கிக் கடைக்கு வந்தது. அந்தப் பழைய வகைப் பொருளில் ஆக்ஸிஜன் தண்ணீர் வழியாகத்தான் ஊடுருவும், ஓரளவுக்குத்தான். தொண்ணூறுகளின் கடைசியில் சிலிக்கோன் கலந்த வகை வந்தபிறகு அதைப் போல் பல மடங்கு காற்று போகிறது. என் பெண் போட்டுக்கொண்டிருந்தது பழைய வகை. விலை குறைவு என்று ஆரம்பத்தில் கொடுத்ததை அப்படியே மறுபடி மறுபடி ஆர்டர் செய்துகொண்டிருந்தோம். புது லென்ஸின் பேஸ் கர்வும் வேறு. பவர் மட்டும் அதே மைனஸ் 5.50. நாத்தனாரிடம் பெட்டியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தால் சரியான பவரில் தப்பான லென்ஸ் வந்து சேர்ந்திருக்கும், பழையபடியே ஓடியிருக்கும்.

லென்ஸ் கதை இவ்வளவுதான், ஆனால் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது கிளாக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கிற நோய்) உண்டா என்று கேட்டார். பெண் இல்லை என்று தலையாட்டினாள். அவளுக்குத் தெரியாது. திருச்சியில் இருக்கிற என் அப்பாவுக்கு உண்டு. புரைக்கு ஆபரேஷன் செய்துகொள்ள மதுரை அரவிந்த் போனபோதுதான் கண்ணில் அழுத்தம் இருப்பதே தெரிந்தது. ஆபரேஷனுக்காகப் போகாமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது. நடுப்பார்வை கடைசி வரைக்கும் தெளிவாகவே இருக்கும், ஓரப்பார்வையைத்தான் அந்த நோய் ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும், போனது திரும்பாது. இப்போது தினம் ராத்திரி சொட்டு மருந்து, அம்மா மறக்காமல் விடுகிறாள். இதையெல்லாம் நான் சொன்னேன், டாக்டர் எழுதிக்கொண்டார், பார்வை நரம்பின் முனையை படம் எடுத்து வைத்தார்கள். பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கம் வேண்டுமாம்.

மைனஸ் ஆறு என்பதே தனி விஷயம். கிட்டப்பார்வை கூடக் கூட விழிக்கோளம் பின்பக்கமாக நீண்டிருக்கிறது என்று அர்த்தம். கோளம் நீளும்போது உள்ளே ஒட்டியிருக்கிற விழித்திரை இழுபட்டு மெலிகிறது, ஓரங்களில் கிழியவும் வாய்ப்புண்டு. லென்ஸோ லேசர் ஆபரேஷனோ பார்வையைச் சரிசெய்யும், நீண்ட கண்ணைக் குட்டையாக்காது. அதனால்தான் சொட்டு விட்டுப் பாவையை விரித்து ஓரம் வரை பார்க்கிறார்கள். அதற்குப் பதில் முப்பது நாற்பது டாலர் கொடுத்தால் அகலமான படம் ஒன்று எடுத்துக்கொள்கிறோம், சொட்டு வேண்டாம் என்று வரவேற்பில் கேட்பார்கள். படம் உபயோகமானதுதான். அதிகப் பவர் இருக்கிறவர்கள் எது தங்களுக்கு வேண்டும் என்று வரவேற்பில் இருப்பவரைக் கேட்காமல் டாக்டரைக் கேட்பது நல்லது. கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டுகிற மாதிரி தெரிந்தாலோ, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாகப் பறந்தாலோ, ஓரத்தில் திரை விழுகிற மாதிரி இருந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திராமல் அன்றைக்கே ஓடிவா என்று பெண்ணிடம் சொன்னார். இதை நான் இங்கே எழுதுவதற்குக் காரணம், மைனஸ் ஆறு ஏழு எட்டு என்று நம் வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள், யாருக்கும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஊரில் லென்ஸ் வாங்குவதைப் பற்றி. சென்னையில் கடைக்காரர் பவரைக் கேட்பார், கம்பெனியைக் கேட்பார், பெட்டியை எடுத்து வைப்பார். தேதியெல்லாம் பேச்சே இல்லை. விலையும் குறைவு, நானே அங்கே போகும்போது எனக்குக் கண்ணாடி செய்துகொண்டு வருகிறேன். கண்ணைப் பார்க்க ஆள் இல்லாத ஊரும் இல்லை அது: அரவிந்த் 1976-இல், சங்கர நேத்ராலயா 1978-இல் ஆரம்பித்தது, இன்றைக்கு உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிற ஆஸ்பத்திரிகள். ஆனால் நம் பழக்கத்தில் கண் டெஸ்ட் என்றால் கண்ணாடிக் கடையில் எழுத்துப் படிப்பது. ஆஸ்பத்திரிக்குப் போவது கண் சிவந்தால், அல்லது புரை வந்தால். இடைப்பட்ட முப்பது நாற்பது வருடம் கண்ணுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஊருக்குப் போகும்போது இன்னொன்று: குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கோயில் குளம் எதுவும் லென்ஸில் படக்கூடாது, லென்ஸோடு தலைக்குக் குளிக்கவும் கூடாது. அகாந்தமீபா என்கிற ஓர் உயிரி சாதாரணத் தண்ணீரிலேயே இருக்கிறது, லென்ஸுக்கு அடியில் புகுந்துகொண்டால் மாதக்கணக்கில் மருந்து விட்டாலும் லேசில் போகாது. பாத்ரூம் குழாயில் லென்ஸை அலசுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், ரொம்பச் சுத்தமாக இருக்கிறோம் என்கிற நினைப்பில்.

2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த செய்தி அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, நினைவிருக்கலாம். இங்கிலாந்தில் சோலிஹல் ஆஸ்பத்திரிக்குப் புரை ஆபரேஷனுக்கு வந்த 67 வயதுப் பெண்மணி. கண்ணில் மருந்து போடப் போனவர்கள் நீலமாக ஏதோ கட்டியாக இருப்பதைப் பார்த்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டிய பதினேழு லென்ஸ். மைக்ராஸ்கோப்பில் தேடியபோது இன்னும் பத்து. முப்பத்தைந்து வருடமாக மாத லென்ஸ் போட்டுவந்தவர், கண் உறுத்தியது வயசானதாலும் வறட்சியாலும் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். இதைப் படித்துவிட்டு எல்லோரும் அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் ஒரே ஒரு தடவை மேல் இமையை மடித்துப் பார்த்திருந்தால் போதும், இருபத்தேழு வரை போயிருக்காது.

இவ்வளவும் சொன்னதால் ஒரு வருடம் என்பது வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. முப்பது வயதில், மைனஸ் ஒன்றரையில், தினசரி லென்ஸை வாரத்தில் இரண்டு நாள் போடுகிற ஆளுக்கும் என் பெண்ணுக்கும் ஒரே தேதி என்பது எனக்கு ஒப்பவில்லை. இரண்டு வருடம் கொடுக்கிற மாநிலங்களில் கண்கள் எல்லாம் கெட்டுப்போய்விடவும் இல்லை. போன் திரையில் எழுத்தைப் படித்துக் காட்டினால் ஒரு டாக்டர் பார்த்துவிட்டுச் சீட்டைப் புதுப்பித்துத் தரும் ஆன்லைன் சேவைகளும் இப்போது இருக்கின்றன, சில மாநிலங்கள் அனுமதிக்கின்றன, சில எதிர்க்கின்றன. பயணத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, போன வருடம்தான் முழுசாகப் பார்த்தவர்களுக்கு அது கை கொடுக்கும். ஆனால் அது கேட்கிற கேள்வி எழுத்து தெரிகிறதா என்பது மட்டும். என் பெண் அதில் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பாள்.

காலாவதிக்கு முந்தின வாரம் ஒரு வருடத்துக்குச் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்வது இன்னொரு வழி, நிறையப் பேர் செய்கிறார்கள். செய்யலாம். புது டெஸ்டில் லென்ஸ் மாறினால் அந்தப் பெட்டிகள் வீண், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பழைய லென்ஸ் இரண்டு பெட்டி ரத்தானதே நல்லதாகப் போயிற்று.

பரிசோதனை லென்ஸ் கொடுத்து ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள், ஒத்திகையிலும் போட்டுப் பார்த்தாள், வியர்வையில் வழுக்கவில்லை. மறுபடி போய்க் காட்டினோம். வரவேற்பில், “இங்கேயே ஒரு வருடத்துக்கு வாங்கிக்கொண்டால் ரிபேட் உண்டு” என்று கணினியைத் திருப்பிக் காட்டினார்கள். நான் சீட்டைக் கேட்டேன். அச்சடித்துக் கொடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது, நாங்களே அனுப்பிவிடுவோமே என்றார்கள், பரவாயில்லை கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். 2020 திருத்தத்துக்குப் பிறகு சீட்டைப் பெற்றுக்கொண்டோம் என்று நம்மிடம் கையெழுத்து வாங்கி மூன்று வருடம் பத்திரப்படுத்தி வைக்கவேண்டும் அவர்கள். நிறைய இடங்களில் சீட்டைக் கொடுக்காமலே ஒரு மின்திரையில் கையெழுத்தை மட்டும் வாங்கிவிடுகிறார்கள், கவனமாக இருங்கள். தொலைத்துவிட்டால் மறுபிரதி கேட்கலாம், நாற்பது அலுவல் மணி நேரத்துக்குள் தரவேண்டும். வீட்டுக்கு வந்து விலை ஒப்பிட்டதில் ரிபேட்டைக் கழித்தும் வெளியே கொஞ்சம் குறைவாகவே இருந்தது, வெளியே வாங்கினோம். டெஸ்டுக்கு அவர்களுக்குக் கொடுத்த காசு எனக்கு உறுத்தவில்லை, லென்ஸை எங்கே வாங்குவது என்பது என் விருப்பம்.

வேலை செய்கிற இடத்தில் எஃப்.எஸ்.ஏ கணக்கு (மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்திலிருந்து வரியில்லாமல் ஒதுக்குவது) இருக்கிறவர்கள் டெஸ்ட், லென்ஸ், கழுவுகிற திரவம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்து எடுக்கலாம். வருடக் கடைசியில் மீதிப் பணம் போய்விடுமே என்று டிசம்பரில் ஊரே கண் டாக்டர் வாசலில் நிற்கும், அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது. நவராத்திரிக்கு முன்னாலேயே போய்விடுங்கள்.

ஒரு ஆள் மிச்சம். என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடியும் இல்லை, லென்ஸும் இல்லை, சர்க்கரை மட்டும் உண்டு. எந்தச் சட்டமும் எந்தக் கடையும் அவரிடம் சீட்டு கேட்பதில்லை, அதனால் நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவர் கண்ணை ஒருத்தரும் பார்த்ததில்லை. சர்க்கரை இருக்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்டவேண்டும் என்று அவருடைய டாக்டர் ஒவ்வொரு தடவையும் காகிதத்தில் எழுதித் தருகிறார், அது ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் இருக்கும். “எனக்குத்தான் எல்லாம் நல்லா தெரியுதே” என்பார். வியாழக்கிழமைக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். சொட்டு விட்டால் திரும்பும்போது நான்தான் கார் ஓட்டவேண்டும், அதற்குத்தான் ரொம்பத் தயங்குகிறார்.